கைப்பைக்குள் கை விடும் விளையாட்டு

மோர்டன், லண்டன்.

என் அன்பு மகள் விதுஷாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மருமகனும் என் குஞ்சு வான்மதியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விம்பிள்டன் பிள்ளையாரிடம் போன வெள்ளிக்கிழமையும் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் ஹூஸ்டன் விலாசம் அவருக்கு இப்போது மனப்பாடமாகியிருக்கும்.

போனில் கதைக்காமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். நீ எடுத்தால்தானே கதைக்கலாம் பிள்ளை. நான் அழைக்கும்போதெல்லாம் வேலையாக இருக்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்று ஒரு வரி வருகிறது, அந்தப் பிறகு வருவதே இல்லை. உன் கோபம் யாரில் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வீடியோவில் அப்பா வான்மதியைப் பார்த்துக் கத்தினார், அம்மப்பா ஏசிவிட்டார் என்று பிள்ளை வீரிட்டு அழுதாள், நீ குசினியிலிருந்து ஓடிவந்து, என்னில் இருக்கிற கோபத்தைச் சின்னப்பிள்ளையில் காட்டாதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நீ நினைத்தது பிழை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் அதை மட்டும் சொன்னால் உனக்கு விளங்காது, ஆகவே முதலில் இருந்து வருகிறேன். நடுப்பக்கத்துக்குத் தாவாமல் ஒழுங்காக வாசி.

நீ துவக்கு, மருமகன் சொல்கிற துப்பாக்கி, வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது, அதை அப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். உன் மருந்துக் கடைக்கு வந்த அந்த மனிதன், மருந்துச்சீட்டு இல்லாமல் மாத்திரை தர முடியாது என்று நீ சொன்னதற்காகக் கார் நிறுத்தும் இடத்தில் காத்து நின்றதும், பிறகு உன் காருக்குப் பின்னாலேயே வந்ததும், போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனதும், அதன் பிறகும் அவன் வந்து நின்றதும் எல்லாம் நீ சொல்லச் சொல்ல நான் அடுப்பையே மறந்துபோனேன். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகா பெற்றவளுக்குச் சொல்வது? மருமகன் கடல் நடுவில் எண்ணெய்க் கிணற்றில் கிழமைக் கணக்காக இருக்கிற வேலை, நீ பிள்ளையோடு தனியாக. அவர் எனக்கு அழைத்து, "அத்தை, எனக்கும் இது பிடிக்கல, ஆனா நான் வீட்ல இல்லாதப்போ அவ பயந்துகிட்டு இருக்கறது அதைவிடப் பிடிக்கல" என்று சொன்னார். நல்ல பிள்ளை. அவர் சொன்ன பிறகுதான் நீ எனக்குச் சொன்னதைவிடச் சொல்லாதது கூட என்று விளங்கியது.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் நேரே தோட்டத்துக்குப் போய், முதல்நாள் வெட்டின புல்லையே திரும்ப வெட்டினார். உள்ளே வந்து, "துவக்குக்குப் பயந்துதான் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள். இப்ப அவள் காசு குடுத்து வாங்கப் போறாள்" என்றார். அவ்வளவுதான், அதன் பிறகு உன்னோடு கதைக்கவில்லை. அதை நீ கோபம் என்று எடுத்தாய், நானும் பாதி அப்படித்தான் எடுத்தேன். ஊரில் சண்டையைப் பார்த்து வந்த அப்பாவுக்குத் துவக்கு என்றால் அது எப்போதும் மற்றவன் கையில் இருப்பது, தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது. தன் மகள் இடுப்பில் அது இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என்னாலும் முடியவில்லைதான், ஆனால் நான் உன் தாய், முடியாததையும் நினைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே. என்னோடு விமான நிலையத்தில் வேலை செய்த பெர்னடெற்றை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கலியாணத்துக்கு ஊதாச் சேலையில் வந்து எல்லாரையும் ஆட வைத்தவள். அவளுடைய மனுசன் லண்டனுக்கு வெளியே சறே பக்கத்தில் ஒரு சுடும் கிளப்பில் இருக்கிறார். இந்த நாட்டில் கைத்துவக்கு எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்க முடியாது, அங்கே காற்றழுத்தத்தில் சுடுகிற பிஸ்டல்தான். விருந்தாளிகள் வரலாம் என்று ஒரு சனிக்கிழமை வைத்திருந்தார்கள், நான் போனேன். அப்பா காரை ஓட்டிக்கொண்டு வருவேன், உள்ளே வரமாட்டேன் என்றார். ஸ்வெட்டரும் சேலையுமாக ஒரு கிழவி வந்து நிற்பதைப் பார்த்து அங்கிருந்தவர்கள் முதலில் நான் சமையலறைக்கு வந்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சொல்லித்தந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயதிருக்கும், நல்ல பொறுமைசாலி. முதல் சூடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பிறகு பிறகு அட்டையில் விழத் தொடங்கியது. ஒன்று நடுவிலேயே விழுந்தது. அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன், அப்பா பால் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்தப் பெண்ணிடம் உன் கதையைச் சொன்னேன். உடம்பில் மறைத்துக் கொண்டு திரிவதைப் பற்றித் தனக்குத் தெரியாது, அதை அங்கே உன் ஊரில் ஒழுங்காகப் படிப்பிக்கிறவர்களிடம் கேட்க வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னாள். ஆனால் தெரிவு செய்வதைப் பற்றிச் சில விஷயம் சொன்னாள். நீ போனில், பைக்குள் அடங்குகிற குட்டியாய் ஒன்று, கொஞ்சம் பெரியதாய் ஒன்று, எதை எடுப்பதென்று தெரியவில்லை என்றாயே. குட்டியாக இருந்தால் சுகமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்களாம், ஆனால் சின்னது கையில் அதிகமாகத் துள்ளுமாம், பிடிக்க இடம் இல்லாமல் விரல் நோகுமாம், நோகிறதைக் கொண்டு ஒருவரும் போய்ப் பழகமாட்டார்களாம், பழகாத ஆள் அதை வைத்திருப்பது இல்லாததைவிட மோசமாம். கை முழுதாகப் பிடிக்க வேண்டும், சுடும் விரல் எட்டிப் பிடிக்காமல் தானாகப் போய் விசையில் இருக்க வேண்டும், மேல் பாகத்தை உன் சொந்தப் பலத்தில் பின்னுக்கு இழுக்க ஏலவேண்டும். கடையில் தூக்கிப் பார்த்து வாங்காமல், சுடும் இடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து வாங்கச் சொன்னாள். கடைக்காரன் பெண்களுக்கென்று இளஞ்சிவப்பில் ஒன்றைக் காட்டினான் என்றாயே, அதை அவளிடம் சொன்னபோது அவள் கண்ணை மேலே உருட்டினாள். உன்னை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நீலச் சப்பாத்துத்தான் வேண்டுமென்று அழுது வாங்கி, கால் கடித்து, வருடம் முழுக்கப் பழைய சப்பாத்தோடு போனவள் நீ. இதிலும் நிறத்தைப் பார்க்காதே பிள்ளை.

இதெல்லாம் நடக்கும்போது அப்பா காரில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறார், இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். அந்தப் பெண் நீங்களும் ஒன்று சுடுகிறீர்களா என்று கேட்க, வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதெல்லாம் முடிந்த பிறகு எங்கே வைத்துப் பூட்டுவீர்கள் என்று. அவள் கூட்டிப்போய் இரும்பு அலுமாரியைக் காட்டினாள். அப்பா அதைத் திறந்து பார்த்தார், பூட்டிப் பார்த்தார், திரும்ப இழுத்துப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த அலுமாரியைப் பற்றித்தான் கதைத்தார். அவர் அன்றைக்கே உனக்கு அழைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும், ஆனால் உனக்கும் அவருக்கும் ஒரே பிடிவாதம், யாரிடமிருந்து வந்ததென்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி வீடியோவில் கதைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போய் முடிவெடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாய். வாங்கினாயா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. வீடியோவில் வான்மதிதான் வந்தாள், நீ குசினியில் தோசை சுடுகிற சத்தம் கேட்டது. அப்பா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில். வான்மதி உன் கறுப்புக் கைப்பையை இழுத்து மடியில் வைத்தாள், கண்ணை இறுக்கி மூடினாள், முழங்கை வரை கையை விட்டாள். "அம்மம்மா, எனக்கு ஒண்டு பிடிபட்டிட்டுது. என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றாள்.

இந்த விளையாட்டை அவளுக்குப் பழக்கினது யார்? நான். விமான நிலையத்தில் இவ்வளவு காலமும் மற்றவர்களுடைய பைக்குள் என்ன இருக்கிறதென்று திரையில் பார்த்து வயிறு வளர்த்தவள், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன கோடையில் நீங்கள் வந்தபோது, மழைக்கு வெளியே போக முடியாத நாட்களில், என் கைப்பையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துச் சொல்லு, இது சாவியா, சீப்பா, திருநீற்று டப்பியா என்று அவளோடு விளையாடினேன். சரியாகச் சொன்னால் அடியில் இனிப்பாக ஒரு டொபி இருக்கும். என்ன கெட்டிக்காரி, ஒருநாளும் பிழைவிடவில்லை. நீயும் பார்த்துச் சிரித்தாய். கைப்பை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுகிற இடம், கையில் அகப்படுவதை இறுக்கிப் பிடித்து இழுக்கிற இடம் என்று அந்தப் பிள்ளைக்குப் பழகிவிட்டது. அவளுக்கு அது குற்றமே இல்லை, அம்மம்மாவின் அன்பு.

எத்தனை பைகளில் எத்தனை விதமான சாமானைப் பார்த்தவள், அந்தச் சின்னக் கைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கல்லுப்போல இருந்தேன். அப்பாதான், "வான்மதி, கையை எடு" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவள் பயந்து கையை எடுத்தாள், கையில் உன் தலைமயிர்க் கிளிப் இருந்தது. பிறகு அழுதாள், நீ வந்தாய், வைத்துவிட்டாய். அப்பா அணைந்துபோன போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதை நான் கண்டேன், நீ காணவில்லை.

ஆகவே பிள்ளை, வாங்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்குப் பின்னால் வருகிறவனை நான் இங்கிருந்து நிறுத்த முடியாது. ஆனால் அது கைப்பைக்குள் இருக்கக்கூடாது, ஒரு நாளும், ஒரு நிமிஷமும். விமான நிலையத்தில் தன் கைப்பைக்குள் என்ன இருக்கிறதென்று முழுதாகத் தெரிந்த ஒரு பெண்ணையும் நான் சந்திக்கவில்லை. பாக்குவெட்டியை மறந்துபோய்க் கொண்டுவந்த எங்கள் ஆட்களே எத்தனை பேர். உடம்போடு இடுப்பில் இருக்கட்டும், விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையில். வீட்டுக்குள் வந்ததும் பூட்டில் போகட்டும், தேத்தண்ணி ஊற்றுவதற்கும் முன். பைக்குள் போடத்தான் குட்டியானது என்றால் அந்தக் குட்டியே உனக்கு வேண்டாம், கைக்கும் இடுப்புக்கும் பொருந்துவதை எடு. மருந்துக் கடைக்குள் கொண்டுவர உன் முதலாளி விடுவாரா என்று கேட்டாயா? விடாவிட்டால் காருக்குள் பூட்டுகிற பெட்டி வேண்டும். அப்பா அதைப் பற்றி இணையத்தில் வாசித்துக் கண்ணாடி நம்பரையே கூட்டிவிட்டார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடை பூட்டும்போது காவலாளியைக் காருக்கு வரச்சொல்லு, வெளிச்சத்தில் நிறுத்து, தினமும் ஒரே வழியால் போகாதே. வீட்டுக்குள் போனதும் எனக்கு ஒரு வரி போடு, இங்கே என்ன நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

மார்கழியில் நாங்கள் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. உனக்குக் கறித்தூளும் மருமகனுக்கு முறுக்கும் கொண்டு வருகிறேன். அதற்கு முன் வான்மதிக்கு நீ ஒன்று பழக்க வேண்டும். நான் வேலை செய்த காலம் முழுக்க ஒவ்வொரு பயணியிடமும் கேட்ட கேள்வி, இது உங்களுடைய பையா, நான் திறக்கலாமா என்று. அதைக் கேட்காமல் ஒருவருடைய பையையும் அவள் தொடக்கூடாது, என்னுடையதையும்தான். நான் வாசலில் வந்து நிற்கும்போது அவள் கேட்கட்டும். நான் இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன். அவள் முகம் சுருங்கும், ஆனால் சொல்வேன். அவள் கையை எடுத்த பிறகு டொபியை நானே அவள் உள்ளங்கையில் வைப்பேன்.

பிள்ளையாரும் முன்னோரும் உங்கள் மூவரையும் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டாதே. சனிக்கிழமை என்ன நடந்தது என்று இந்தக் கடிதம் கிடைத்த உடனே சொல்லு, அன்று அந்தப் பைக்குள் அது இருந்ததா இல்லையா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அப்பா பக்கத்தில் நின்று கடிதத்தை எட்டி எட்டிப் பார்க்கிறார். நீங்களே ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. தான் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன். "வான்மதியிட்டச் சொல்லச் சொல்லு, அம்மப்பா அவளுக்கு ஏசேல்லை. பயந்திட்டார்."

என்றும் உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா