கோணல் மூக்கும் கமரனும்

12 மார்ச் 2006, ஞாயிறு. மொன்றியல்.

முன்பு ஊரில் நான் படிப்பித்த வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், பொன்னம்பலத்தார் வீட்டில ஒரு பொட்டுப் பொன்னும் இல்லை. பிறகேன் அந்தப் பெயர்?” அது அவருடைய பாட்டனின் பெயர் என்றேன். அந்தச் சின்னப் பிள்ளைக்கு விளங்கியது. என் தங்கைக்கு விளங்கவில்லை.

இன்று பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள், பெயர் வைக்கும் நாள். மருமகள் ஹெதர் சேலை கட்டி வந்து, பிள்ளையின் காதில் கமரன் என்று சொன்னாள். போன வருடம் இறந்த தன் தகப்பனின் பெயரை வைத்தாள்.

தங்கை சிரித்தாள். “இன்ரநெற்றில பாத்தனான் அக்கா. ஸ்கொட்லாந்துப் பாசையில கோணல் மூக்காம். இப்ப பிள்ளையள விடுற கார்டெரிக்குக் கார்டெரி ரெண்டு கமரன் நிக்குதாம்.” ஹெதருக்கும் விளங்கட்டும் என்று அதை ஆங்கிலத்திலும் சொன்னாள். வந்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உன்ர மூத்தவனுக்கு எங்கட ஐயாவின்ர பெயரை வைக்கேக்க அர்த்தம் பாத்தனியோ?”

“பகிடிக்குத்தானே அக்கா.”

பகிடியாம். ஐயாவின் பெயர் சின்னத்தம்பி. ஆறடி மனிதர். அதற்கு யார் சிரித்தார்கள்?

மகனும் ஹெதரும் சாப்பிடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அஹுன்ட்சிக்கில் இருக்கும் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி இந்த வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவருவாளோ தெரியாது.

எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: நாளை ஹெதருக்குப் போன் எடு. அவளுடைய அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று கேள்.