மொத்தம் மட்டும் சரியாக வந்தது

என் தாமுவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இதுவரை அழுதேன். நேற்றிலிருந்து கோபம்.

திருப்பதி ஆபீசில் உன் கணினியைத் திறந்தேன். பம்பின் இறக்கை தாங்குமா என்று நாம் சேர்ந்து கணினியில் போட்ட கணக்கு. தண்ணீர் பாயும் இடத்தை நீ பொடிப்பொடியான கட்டங்களாக வலை போட்டுப் பிரித்தாய். உள்ளே சுழலும் இரும்பு இறக்கைக்கு நான் பெரிய கட்டங்களாகப் போட்டேன். இரண்டும் தொடுகிற இடத்தில் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. அது தப்பில்லை. உன் பக்கத்து அழுத்தத்தை என் கட்டங்களுக்கு முறையாகப் பங்கிட வேண்டும். அது உன் வேலை.

நீ என்ன செய்தாய்? கிட்டத்தில் இருந்த புள்ளியின் மதிப்பை அப்படியே எடுத்துப் போட்டாய். மொத்த விசை குறைந்தது. எல்லாவற்றையும் 1.08ஆல் பெருக்கிவிட்டாய். மொத்தம் சரியானது. ஆனால் இறக்கையின் நுனியில் விழ வேண்டிய சுமை அடிப்பக்கம் விழுந்தது. இறக்கை தாங்கும் என்று பம்பு செய்யும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். இன்று முறையாகப் பங்கிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். தாங்கவில்லை, தாமு. வேரோடு பிளக்கிறது.

அன்றைக்கே கேட்டேனே, "ரெண்டு பக்கமும் ஒத்துப்போதாடா?"

"கூட்டிப் பாத்துட்டேன் மச்சான், கரெக்டா நிக்குது. கையெழுத்தப் போடு. விசாவுக்கு நான் ஓடிக்கினு கீறேன், நீ வேற!"

போட்டேன். வேறு எவன் சொல்லியிருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பேன்.

இரண்டு நாள் வேலைடா அது. என்னிடம் சொல்லியிருந்தால் நானே உட்கார்ந்திருப்பேன். அமெரிக்கா போகாதே என்றா சொல்லியிருப்பேன்? விமானம் ஏறுமுன் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது யாரோடு சண்டை போடுவது?

மேனேஜர் தெலுங்கில் சுலபமாக முடித்தார். "போயினவாடி மீத வேசெய் பாபு. வாடு வச்சி அடுகுதாடா?" போனவன் தலையில் போட்டுவிடு, அவன் வந்து கேட்கவா போகிறான் என்கிறார்.

சாயங்காலம் பிச்சாட்டூரிலிருந்து உன் நைனா போன் செய்தார். "முரளி, நம்ம பையன் போட்ட பம்பு ஓடுதாடா? ஊர்ல கேட்டுக்கினு கீறாங்கோ."

"எல்லாம் சரியா இருக்கு மாமா, சீக்கிரம் ஓடும்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அதையும் நீதான் சொல்ல வைத்தாய்.

நாளைக் காலை அந்தக் கம்பெனிக்கு எழுதுகிறேன், இறக்கையை வார்க்காதீர்கள் என்று. பெருக்கியது நீ என்று அதில் இருக்கும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்றும் இருக்கும். உன்னைக் காப்பாற்ற மாட்டேன். உன் பின்னால் ஒளியவும் மாட்டேன். பிறகு பஸ் பிடித்துப் போய் மாமாவிடம் நேரில் சொல்வேன். இது சத்தியம்.

கோபம் ஆறாத உன் அத்தை மகன்,
முரளி