பொம்மைக்கு மூச்சு முட்டாது

மார்ச் 3

வாலுப் பையா,

நலம்தான், பகலில் எழுதுவதால். இரவுத் துணைக்கு வரும் நர்ஸ் மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறாள். பிறகு நானும் இந்த மூச்சு மெஷினும்தான். தூக்கத்தில் மாஸ்க் நழுவினால் எடுத்து மாட்ட என் கைகளுக்கு வலுவில்லை. நழுவினால் உன் போனும் மாடி வீட்டுத் தையல்காரம்மா போனும் அடிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினாயே, அதை நம்பித்தான் வேறு ஆள் தேடவில்லை. அடிக்குமாடா? பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 5

அக்கா,

அடிக்கும். எத்தனையோ முறை சோதித்தாயிற்று, ஒருமுறைகூடத் தவறவில்லை. உன் மெஷின் அங்கே, நான் இங்கே. அதனால் அதைப் போலவே தகவல் அனுப்பிப் பேசும் பொம்மை மெஷின் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் எழுதி வைத்திருக்கிறேன். அது ‘மாஸ்க் கழன்றது’ என்று சொன்னதும் போன் அடிக்கிறது. நிம்மதியாகத் தூங்கு.

வாலு

மார்ச் 8

தம்பி,

பொம்மைக்கு வசனம் எழுதியதும் நீ, கேட்டுக் கைதட்டியதும் நீ. நிஜ மெஷினோடு ஒரு தடவையாவது சேர்த்துப் பார்க்கக் கூடாதா?

அக்கா

மார்ச் 10

அக்கா,

பார்க்கலாம். அதற்கு நீ மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொம்மைக்கு மூச்சு முட்டாது. அதனால்தான் அதை வைத்தே பார்த்தேன்.

வாலு

மார்ச் 14

தம்பி,

டாக்டரைக் கேட்டேன். “பக்கத்துல ஆள் இருந்தா மாஸ்க் இல்லாம ரெண்டு நிமிஷம் தாங்கும்மா” என்றார். நேற்றுக் காலை தையல்காரம்மாவை வரவழைத்து மாஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். உன்னிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அவள் மடியில் போன். “அடிக்கலையேம்மா, மாட்டிடவா?” என்று கெஞ்சினாள். இன்னும் கொஞ்சம் என்று தலையாட்டினேன். என் தம்பி எழுதியது, அடிக்கும் என்று அந்தப் போனையே பார்த்திருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள்தான் மாட்டிவிட்டாள்.

குறை சொல்ல எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

என் போனும் அடிக்கவில்லை. உன் மெஷினின் பதிவை நெட் வழியாக எடுத்துப் பார்த்தேன். மாஸ்க் கழன்றதும், நீ எழுந்து போய்விட்டாய் என்று நினைத்து அது தானாக அணைந்துவிடுகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பொம்மை மட்டும் ஒவ்வொரு முறையும் சொன்னது, நான் சொல்லச் சொன்னதால்.

மெஷினிடமிருந்து தகவல் வருவது நின்றாலே போன் அடிக்கும்படி மாற்றிவிட்டேன். பொம்மையோடு ஓட்டியதில் எல்லாம் சரி என்கிறது. அதை இனி நம்ப மாட்டேன். நீயும் நம்பாதே, வேறு நர்ஸைப் பேசி வை.

சனிக்கிழமை வருகிறேன். இந்த முறை மாஸ்க்கை நான் கழற்றுகிறேன். போன் அடிக்காவிட்டால் திருப்பி மாட்ட என் கை அங்கே இருக்கும்.

வாலு