ஒரு துவக்கு, இரண்டு குழல்

14 ஒக்டோபர் 2006, சனி

துவக்கே வேண்டாம் என்று நின்ற மனைவி மேரிக்கு, வீட்டுக்குள் ஒன்றுதான் வரும் என்று மாதா சுருவத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் இன்று கடையில் ஒரு மணித்தியாலம் நின்று யோசித்தேன்.

கூட வந்த லூக், என்னோடு வேலை செய்பவன், போல்ட் இழுத்துச் சுடும் ரைபிளை வாங்கச் சொன்னான். முதல் குண்டு தவறினாலும் அடுத்தது உள்ளே தயாராக இருக்குமாம். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. இரண்டாவது இருப்பது தெரிந்தால் முதலாவதை அவசரப்பட்டுச் சுட்டுவிடுவேன். ஒரு நேரத்தில் ஒரு குண்டு மட்டும் போடும் துவக்கையே எடுத்தேன். அதில் குழலைக் கழற்றி மாற்றலாம். மானுக்கு ஒன்று, முயலுக்குச் சிறு சன்னங்கள் சிதறும் பெரிய வாய்க் குழல் ஒன்று.

பியர்பொன்ட்ஸில் உள்ள வீட்டுக்கு வந்து மேசையில் விரித்ததும் மேரி எண்ணினாள்.

“ஒண்டெண்டுதானே சொன்னனீங்கள்?”

“துவக்கு ஒண்டுதான். குழல்தான் ரெண்டு.”

“மாதாவுக்கும் இப்பிடித்தான் சொல்லப்போறியளோ?”

பெரிய வாய்க் குழலைத் தொட்டு, “இது என்னத்துக்கு?” என்றாள்.

“முயலுக்கு.”

அவள் கறிக்கு மிளகு இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“சரி, மாதாவோட நான் கதைக்கிறன்.”