ரேச்சலைத் தேடினோம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பகல் பதினொரு மணிக்குக் கொலைப் படம் பார்க்கிற பொம்பளை இந்தப் பிரையன்ட் நகரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் வேலை பார்த்த ஷிப்பிங் ஆபீசைச் சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். ஜூனிலிருந்து வீடுதான். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். இவர் காலையில் கடைக்குப் போனால் (கயிறு, பெயிண்ட், கப்பலுக்கு வேண்டிய சாமான்) இருட்டினபிறகுதான் வருவார். சமையல் பத்து மணிக்கே முடிந்துவிடுகிறது. அப்புறம்?

அப்புறம் போனில் குரூப். 'முதல் பத்து நிமிஷம்' என்று பேர். துப்பறியும் படம், கொலைப் படம் தவிர வேறு பேச்சு கூடாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன தேவபிரசாதம் அண்ணாச்சிதான் அட்மின். பாட்டு வந்தால் அது கிரைம் படமே இல்லை என்பது அவர் சட்டம். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற டெரன்ஸ் விடமாட்டான். "பாட்டு வரும்போதுதான் நான் பரோட்டா வாங்கப் போவேன். அதுவும் வேணும்லா அண்ணாச்சி."

வீட்டில் பார்க்க ஏற்ற படம் எது என்று இன்று சண்டை. தியேட்டரில் விசில் அடிக்கத் தோன்றுகிற படம் வீட்டில் செத்துப்போகும், நிறுத்தி, பின்னால் ஓட்டி, "அட, இது அப்பவே கண்ணுல பட்டுச்சே" என்று சொல்ல வைக்கிற படம்தான் வீட்டுக்கு என்று எழுதினேன். ஏகப்பட்ட கைதட்டல். ஜெஸ்டின் மட்டும் நீளமாக எழுதினான். திரேஸ்புரத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். "உமாக்கா சொல்லுறதுதான் சரி. நான் ஒரு படத்த மூணு தடவ பாப்பேன். ரெண்டாவது தடவ போலீச மட்டும் பாப்பேன், எப்படிக் கேள்வி கேக்கான்னு."

பெருமையாக இருந்தது. இன்றைக்கு முழுக்க அந்த ஒரு நிமிஷம்தான்.

ஆகஸ்ட் 14

ஒன்றும் இல்லை. பீரோவை மறுபடி அடுக்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மில்லர்புரத்தில் அண்ணாச்சி வீட்டுப் பெரிய டிவியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மலையாளப் படம். ரப்பர் தோட்டத்தில் டீச்சர் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். பத்தாவது நிமிஷம் அண்ணாச்சி படத்தை நிறுத்தி, யார் கொன்றது என்று ஆளாளுக்குச் சொல்லச் சொன்னார்.

ஜெஸ்டின் முதல் தடவையாக மனைவியைக் கூட்டி வந்திருந்தான். ரேச்சல். ஒல்லி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சலிப்பாக இருக்கிறது போல என்று நினைத்தேன். அவள் முறை வந்தபோது, "கொன்னது யாருன்னே கேக்கியளே, செத்துப்போன டீச்சர் யாருன்னு ஒருத்தரும் கேக்கலியே" என்றாள்.

"இவளுக்குப் படம் பாக்கத் தெரியாது" என்று ஜெஸ்டின் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

செப்டம்பர் 3, புதன்

ரேச்சலைக் காணவில்லை.

ஜெஸ்டின் குரல் செய்தி போட்டிருக்கிறான். அழுகிறான். நேற்றுக் காலை மார்க்கெட்டுக்குப் போனவள் திரும்பவில்லை, போன் அணைந்து கிடக்கிறது, ஸ்டேஷனில் புகார் கொடுத்தாகிவிட்டது. "இத்தன படம் பாத்திருக்கியள்லா, எம் பொண்டாட்டியக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

கேட்டதும் ரேச்சலை நினைத்துப் பயந்தேன். அது உண்மை. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி "இது நம்ம கேஸ்" என்று எழுதினார். உள்ளே ஏதோ எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவும் உண்மை.

செப்டம்பர் 5, வெள்ளி

வேலை பிரித்தாகிவிட்டது. டெரன்ஸ் பஸ் ஸ்டாண்ட். அண்ணாச்சி ஆஸ்பத்திரிகள். நான் வருகிற தகவலையெல்லாம் ஒத்துப் பார்க்க வேண்டும். ஆபீசில் சரக்குத் தாள்களை ஒத்துப் பார்த்த கை.

"புருஷனையும் சந்தேகப்படணும்லா, அதான முதல் ரூலு" என்று டெரன்ஸ் விளையாட்டாக எழுதிவிட்டான். ஜெஸ்டின் கோபப்படவே இல்லை. "கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லுதேன்" என்று அவள் காணாமல் போன அன்றைக்குக் காலையிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதினான். ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. பெண்டாட்டியைக் காணாதவனுக்கு இவ்வளவு ஒழுங்காக நினைவிருக்குமா? யோசித்தேன். விட்டுவிட்டேன்.

இவர் சாப்பிடும்போது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏளா, ஒரு பிள்ளையக் காணோம். நீ என்னமோ கல்யாண வீட்டுக்குக் கெளம்புற மாதிரி இருக்க."

கோபம் வந்தது. ஏன் வந்தது?

செப்டம்பர் 7, ஞாயிறு

கத்தாரில் இருக்கிற ரேச்சலின் தங்கைக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. "நான் நல்லா இருக்கேன். என்னையத் தேட வேண்டாம்னு சொல்லு." அவ்வளவுதான். தேடுவதை நிறுத்தட்டும் என்று தங்கை அதை ஜெஸ்டினுக்கு அனுப்பியிருக்கிறாள். எந்த நம்பரிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். பின்னணியில் என்ன கேட்கிறது பாருங்கள் என்று அவன் அதை அப்படியே குரூப்பில் போட்டுவிட்டான்.

காதில் ஹெட்போனை மாட்டி எத்தனை தடவை கேட்டேனோ. ரேச்சல் குரலுக்குப் பின்னால் யாரோ எண்ணுகிறார்கள். வார்த்தை புரியவில்லை, இழுப்பு மட்டும்தான். ஒரு மூச்சில் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. சட்டென்று தெரிந்துவிட்டது. வெற்றிலை எண்ணுகிறார்கள். ஆத்தூரில் சித்தி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இதே இழுப்புதான்.

சந்தோஷம் தாங்கவில்லை. குரூப்பில் போட்டேன்: "இடம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு நேர்ல போய் உறுதி பண்ணிட்டுச் சொல்லுதேன்."

ஜெஸ்டின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று ஆசை.

செப்டம்பர் 8, திங்கள்

இதை எப்படி எழுத?

காலையில் இவரிடம் ஆத்தூர் என்று சொல்லிவிட்டுத் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். சித்தி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, வீடும் கைமாறிவிட்டது. கொட்டகை இருக்கிறது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ரேச்சல்.

என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வெற்றிலை மடியில் சிதறியது. "அக்கா, அவர் வெளிய நிக்காரா?"

அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னேன். நம்பவில்லை. பக்கத்தில் இருந்த இசக்கித்தாய் எழுந்து தெருவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, "ஏளா, யாரும் இல்ல" என்ற பிறகுதான் மூச்சு விட்டாள். முன்பு இறால் கம்பெனியில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்களாம். இசக்கித்தாய் வீட்டில்தான் ரேச்சல் இருக்கிறாள்.

பேசும்போது வலது காதை என் பக்கம் திருப்பினாள். இடது காது கேட்காது. "மார்க்கெட்டுல கத்தரிக்கா குடுத்தவன் பேரு என்னன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். அறைஞ்சாரு. அன்னையிலருந்து கேக்கல."

"எங்க வீட்டுல தெனமும் வெசாரணதாம்க்கா. நாற்காலிய நடுவுல போட்டு உக்கார வைப்பாரு. லைட்ட மூஞ்சிக்கு நேரா திருப்பி வைப்பாரு. பஸ் டிக்கெட்டப் பாத்து, எறங்கி நடந்து வர இம்புட்டு நேரமான்னு கேப்பாரு. நேத்துச் சொன்னதையும் இன்னைக்குச் சொன்னதையும் ஒத்துப் பாப்பாரு. பொய்யே சொல்லாட்டியும் முழிப்பேன். உங்க குரூப்புல நல்லா இருக்குன்னு நீங்க எழுதுற படத்தத்தான் போட்டுப் பாப்பாரு. மறுநாளு அதுல உள்ள கேள்வி எங்கிட்ட வரும்."

நல்ல படம்னு எழுதுனவ நான். தலைய சாய்ச்சு உக்காந்திருந்தாளே, பாத்தேனே, சலிப்புன்னு நெனச்சேனே. தங்கச்சி ஏன் நம்பரத் தரமாட்டேங்கான்னு ஒருத்தராவது கேட்டோமா?

"குரூப்புல போட்டுட்டியளா?"

"இடம் தெரியும்னு போட்டேன். எந்த இடம்னு போடல."

ரேச்சல் எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

புறப்படும்போது இசக்கித்தாய் ஒரு கட்டு வெற்றிலை கையில் திணித்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஆத்தூர் வெற்றிலை யார் கண்ணிலும் படக்கூடாது என்று கை தானாகச் செய்தது.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் ஜெஸ்டின். இவரோடு காபி குடித்துக்கொண்டிருக்கிறான்.

"வாங்கக்கா. செருப்புல ஈர மண்ணா இருக்கே. எங்கன போயிட்டு வாரிய?"

"வேம்பார்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. "கருவாடு காயப்போடுற இடத்துல கூடைய எண்ணுற சத்தம் அது. ஆனா அங்க அவளக் காணல."

போனை மேசையில் வைத்து அந்தக் குரலை ஓடவிட்டான். மறுபடி. மறுபடி. போனைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக இவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, காலையில அக்கா வேம்பாருன்னா சொல்லிட்டுப் போனாவ?"

ஆத்தூர் என்றுதானே இவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். இவருக்கு ஒன்றுமே தெரியாது. படமே பார்க்காத மனுஷன். பொய்க்கும் இவருக்கும் வெகுதூரம். என்னை ஒரு தடவை பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமா. வேம்பார்னுதான் சொன்னா."

டெரன்சைக் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே வேம்பாருக்குப் போகிறேன் என்று ஜெஸ்டின் எழுந்தான். அவன் பைக் சத்தம் தேய்கிற வரைக்கும் வாசலில் நின்றுவிட்டு இவர் உள்ளே வந்தார்.

"இப்பச் சொல்லுளா. என்ன?"

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடிந்ததும் இவர் கடை வேனை எடுத்தார். அவன் வேம்பாருக்குப் போன நேரம் நாங்கள் ஆத்தூருக்குப் போனோம். ஸ்டேஷனுக்கு வர ரேச்சல் பயந்தாள். "ஒளிஞ்சிருந்தா அவன் தேடிக்கிட்டேதான் இருப்பான். நீயே போயி நின்னுட்டா தேட என்ன இருக்கு?" என்று இவர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

புகார் பதிவான அதே ஸ்டேஷன். பெண் எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். "என்னைய யாரும் கூட்டிட்டுப் போகல. நானாத்தான் போனேன். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன்." முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை வெளியே பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காதைப் பற்றித் தனியாக எழுதி வாங்கினார்கள். ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெண்கள் காப்பகம். வழியெல்லாம் ரேச்சல் என் மணிக்கட்டை விடவேயில்லை.

அவளை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது ஜெஸ்டின் நின்றான். கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். சிரித்தான். "அக்கா நல்லாப் பொய் சொல்லுதிய. அண்ணாச்சிக்கும் நல்லா வருது."

"ஆமாப்பா, வருது" என்றார் இவர்.

வேனில் ஏறினபிறகு சாவியைத் துவாரத்தில் போட இவருக்கு மூன்று தடவை ஆனது.

செப்டம்பர் 10

குரூப்பில் எழுதினேன்: "ரேச்சல் நல்லா இருக்கா. அவளாத்தான் போனா. போலீஸ்ல சொல்லிட்டா. இனி யாரும் தேட வேண்டாம்." உடனே கேள்விகள். எங்கே இருந்தாள், யாரோடு, கிளைமாக்ஸ் சொல்லாமல் போனால் எப்படி. ஒருத்தர் சிரிக்கிற முகம் வேறு போட்டிருந்தார்.

அண்ணாச்சி கூப்பிட்டார். "ஒரு பக்கத்துக் கதைய மட்டும் கேட்டுட்டு இப்படிச் செய்யலாமா? அவன் எங்கிட்ட எப்படி அழுதான் தெரியுமா?"

"அவ காதப் பாத்தியளா அண்ணாச்சி?"

வைத்துவிட்டார். சாயங்காலம் என்னை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 13, சனி

டெரன்ஸ் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். வேம்பாரில் வீடு வீடாகப் போட்டோவைக் காட்டினார்களாம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் ஜெஸ்டின் சிரித்துக்கொண்டே, "கெடைக்கட்டும்ல, இன்னொரு காதையும் பாத்துக்கிடுதேன்" என்றானாம்.

"அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல உமாக்கா. நீங்க எழுதுனதுக்கப்புறந்தான் வெளங்குச்சு. ஸ்டேஷன்ல சொல்லணுமா?"

"உனக்கு என்ன தோணுது?"

தலையைச் சொறிந்துகொண்டே போனான். ஸ்டேஷன் பக்கமாகத்தான் போனான்.

செப்டம்பர் 28

படம் போட்டேன். விசாரணைக் காட்சி வந்தது. நிறுத்திவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ. குக்கர் கூப்பிட்டது.

நவம்பர் 6

ஜெஸ்டின் பைக் இன்று நம் தெருவில் இரண்டு தடவை போனது. மெதுவாக. தூக்கமே இல்லை. இவர் வாசலில் கேமரா மாட்ட ஆள் சொல்லியிருக்கிறார். ரேச்சலிடம் போனில் சொல்லவில்லை. சொல்லியிருக்கணுமோ?

டிசம்பர் 11, வியாழன்

கோர்ட். ரேச்சல் இருக்கிற இடத்துக்கு அவன் வரக்கூடாது, போனும் பண்ணக்கூடாது என்று உத்தரவு. வேம்பார் வழியில் அவன் சொன்னதை டெரன்ஸ் சாட்சியாகச் சொன்னான். அண்ணாச்சியும் வந்திருந்தார். என்னோடு பேசவில்லை. ஜெஸ்டினுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அங்கே போய் உட்காரவும் இல்லை. கடைசிவரை சுவரோரமாக நின்றுவிட்டுப் போனார்.

ஜனவரி 23, வெள்ளி

ரேச்சல் வந்திருந்தாள். வெளியூரில் தையல் கம்பெனி, லேடீஸ் ஹாஸ்டல். காதுக்குப் பின்னால் சின்னதாக மெஷின். "ஹாஸ்டல்ல எல்லாரும் எம்புட்டுச் சத்தமாப் பேசுதாளுவன்னு இப்பத்தாங்க்கா தெரியுது" என்று சிரித்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாகவே நடந்து வந்திருக்கிறாள். நேரம் பார்க்கவில்லையாம். வழியில் வளையல் கடையில் நின்றாளாம்.

மத்தியானம் நான் பின்பக்கம் உட்கார்ந்து சீலா மீன் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. இத்தனை மாதமாக யார் என்று இரண்டு தடவை கேட்காமல் நான் கதவைத் திறந்ததில்லை. கையெல்லாம் மீன். "ஏளா, இரு, யாருன்னு கேட்டுட்டு..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, என்னிடம் திரும்பிக் கேட்கிறாள்:

"அக்கா, சிலிண்டர் வந்திருக்கு. காலி சிலிண்டர் எங்கன கெடக்கு?"