சொன்னது சொன்னபடி

மார்ச் 4, திங்கள்

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த நோட்டில் இன்று முதல் நான் எழுதப் போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக உழைத்த என் தொண்டையின் மேல் ஆணையாக இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படிக்கப் போவது நான் ஒருவன்தான். எனக்கே சந்தேகம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செய்தி இதுதான். நான் சபையில் இருபத்தாறு வருடக் கௌரவ ஊழியன். பட்டமும் கிடையாது, அங்கியும் கிடையாது. பாஸ்டர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து ஜெபம். இப்போது மேலிடத்திலிருந்து கடிதம்: பட்டம் வாங்கிய போதகரானாலும் சரி, வாங்காதவரானாலும் சரி, பத்து நாள் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் அனுமதிக் கடிதம் புதுப்பிக்கப்படும். என்னைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். கட்டடம் தாங்குமா?

வகுப்பில் நாற்பதாயிரம் பேர். சரி, இருபத்திரண்டு. நாற்காலிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்தவை. பெரிய பெரிய போதகர்களெல்லாம் முழங்கால் காதில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி தருகிற அம்மா முன்பு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். அவர் நிமிர்ந்து பார்த்ததும் மின்விசிறி நின்றுவிட்டது.

பக்கத்து நாற்காலியில் என் அக்கா மகள். மூன்று வயதில் என் தோளில் ஏறிக் காதைத் திருகியவள், இன்று பட்டம் பெற்ற போதகர்.

"மாமா, இங்க என்னைப் பாப்பான்னு கூப்பிடக் கூடாது."

"சரிங்க போதகரம்மா."

"அப்படியும் கூப்பிடாதீங்க."

மார்ச் 5, செவ்வாய்

பயிற்சிக்குப் பெயர் 'சொன்னது சொன்னபடி'. இரண்டு இரண்டு பேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒருவர் நோயாளியிடம் பேசுவார், மற்றவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்து, அவர் என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம், எங்கே பேச்சு நின்றது, எல்லாவற்றையும் இருவரும் தனித்தனியே எழுத வேண்டும்.

"அழகுபடுத்தக் கூடாது. திருத்தக் கூடாது. இப்படிச் சொல்லியிருந்தா நல்லா இருக்குமேன்னு எழுதக் கூடாது," என்றார் நர்ஸம்மா. மூன்றாவதைச் சொல்லும்போது நேராக என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?

பாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தேறலைன்னா பிரசங்கம் பண்ணலாம். ஆனா ஆஸ்பத்திரிக்கு அனுமதி கிடையாது."

பிரசங்க மேடை போனால் போகட்டும், எனக்கு வேறு மைக் உண்டு. நோயாளி பக்கத்தில் உட்காரக் கூடாது என்றால் நான் என்ன செய்வேன்?

மார்ச் 6, புதன்

எனக்குத் துணை பாப்பா. எங்களுக்குக் கிடைத்தது பதினேழாம் எண் படுக்கை. உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிப்பக்கக் கண்ணாடி துடைப்பதே வாழ்நாள் தொழிலாக இருந்தவர். இப்போது நுரையீரல் கெட்டு, முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு கிடக்கிறார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முறை மூச்சு வாங்குகிறது. அதனால் அவருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

பிறகு ஜெபம். மரண பயம் இவரை விட்டு ஓடட்டும் என்று ஆரம்பித்தேன். ஓடியது பாருங்கள், கீழே மூன்று மாடிகளில் இருந்தவர்களின் பயமும் சேர்ந்து ஓடியது. ஊசிக்கு அழுத ஒருவர் இன்னொன்று போடுங்கள் என்று கேட்டாராம். முடித்ததும் நம்மவர் கண் கலங்க 'ஆமென்' என்றார். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

"எப்படி நம்ம ஜெபம்?"

"அறிக்கைல எழுதறேன் மாமா."

மார்ச் 7, வியாழன்

அறிக்கை தயார். பதினான்கு பக்கம். கடைசி வரி: 'நோயாளி (கண்ணீர் மல்க): ஆமென்.' படித்துப் பார்த்து நானே அழுதுவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

நர்ஸம்மா என் பதினான்கு பக்கத்தையும் பாப்பாவின் ஒன்றரைப் பக்கத்தையும் அருகருகே வைத்தார்.

"உங்க அறிக்கைல நோயாளி முப்பத்தெட்டு வரி பேசறார். இவங்க அறிக்கைல நாலு வரி."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கடைசியா அவர் என்ன சொன்னார்?"

"ஆமென்னு சொன்னாருங்க."

அவர் பாப்பாவின் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். 'நோயாளி: ஆனா— (ஊழியர் எழுந்து கை குலுக்குகிறார். புறப்பட்டோம்.)'

யாரும் சிரிக்கவில்லை. பாப்பா குனிந்துகொண்டே சொன்னாள்: "ஆனான்னுதான் சொன்னார் மாமா. அப்புறமும் ஏதோ சொல்ல வந்தார். நீங்க கையைக் குலுக்கிட்டே இருந்தீங்க."

ஆனா. ஆனான்னு ஒருத்தர் ஆரம்பிச்சா பின்னாடி ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? அது கூடவா தெரியல எனக்கு? ஊருக்கே பஸ் எங்க போகுதுன்னு சொன்னவன் — இருபத்தாறு வருஷத்துல எத்தனை பேரோட ஆனாவை ஆமென்னு காதுல வாங்கிட்டு, ஜெயிச்ச மாதிரி எழுந்து வந்திருப்பேன்?

"திங்கட்கிழமை திரும்பப் போயிட்டு வாங்க. அதை வச்சு முடிவு பண்ணுவேன்," என்றார் நர்ஸம்மா. கொஞ்சம் பொறுத்து, "அவருக்கு நேரம் இருந்தா," என்றார்.

மார்ச் 9, சனி

திங்கள் வரை பொறுக்கவில்லை, போனேன். மூச்சு மோசமாக இருக்கிறது, யாரையும் விடமுடியாது என்றார்கள். கதவின் சின்னக் கண்ணாடி வழியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

அனுமதிக் கடிதம் எக்கேடோ கெடட்டும். அவர் சொல்ல வந்தது அவரோடு போய்விடக் கூடாது.

மார்ச் 10, ஞாயிறு

இன்று ஜெபம் செய்யக்கூட வாய் வரவில்லை. அக்கா தெர்மாமீட்டர் கொண்டுவந்தாள்.

மார்ச் 11, திங்கள்

விட்டார்கள். அவர் மனைவி வீட்டுக்குப் போயிருந்தார். பாப்பா ஓரமாக உட்கார்ந்தாள்.

"போன தடவை நீங்க ஆனான்னு ஆரம்பிச்சீங்க. நான் கேக்காம எழுந்து போயிட்டேன். மன்னிச்சுக்குங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதினோரு நிமிடம். வாய் வரை வந்த வசனங்களை எல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கினேன். வயிறு இன்னும் இறங்கவில்லை. பிறகு அவர் மூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"பயம் போகட்டும்னு கேட்டீங்க."

"ஆமாங்க."

"ஆனா எனக்குப் பயமே இல்லைங்களே." மூச்சு வாங்கினார். "சந்தோஷமா இருக்குங்க. அதான் கஷ்டம்."

எங்கோ ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம். அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"கண்ணாடியை நல்லாத் துடைச்சுட்டா, ஒரு நிமிஷம் கண்ணாடி இருக்கறதே தெரியாது. உள்ள இருக்கறவங்க பக்கத்துலயே இருக்கற மாதிரி இருக்கும். கையை நீட்டினா தொட்டுடலாம். இப்ப காலைல கண்ணு முழிச்சா அப்படித்தாங்க இருக்கு. எல்லாப் பக்கமும்."

யார் இருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. எத்தனையோ பிரசங்கத்தில் நான் கத்திக் கத்திச் சொன்ன இடத்தை, இவர் போய்ப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்த மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்.

"வீட்டம்மாகிட்ட சொல்லணும். சொன்னா, என்னை விட்டுட்டுப் போறதுல இவ்வளவு சந்தோஷமான்னு அவ மனசு உடைஞ்சுடும்."

கையைப் பிடித்துக்கொண்டேன். கயிறு பிடித்துக் காய்த்த கை.

"ஜெபம் பண்ணலையா?" என்றார்.

"இன்னிக்கு நீங்க பண்ணுங்க."

கண்ணை மூடினார். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஆமென் என்றார். வராந்தாவுக்கு வந்ததும் பாப்பாவிடம் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"ஆமென்தான் மாமா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

மார்ச் 13, புதன்

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நர்ஸம்மா இரண்டு அறிக்கைகளையும் வரி வரியாக ஒப்பிட்டார்.

"ஒரே ஒரு வித்தியாசம். பேசாம இருந்தது இவங்க கணக்குல ஒன்பது நிமிஷம். உங்க கணக்குல பதினொண்ணு."

"பழக்கதோஷங்க."

சிரித்துவிட்டார். கண்ணாடி பற்றிய வரிகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தித் தாளைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு ஊழியர்கள், எல்லோரும் பேசியே வாழ்கிறவர்கள், ஒருவர்கூடத் தொண்டையைச் செருமவில்லை. பிறகு என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 27, புதன்

ஞாயிறு காலையில் அவர் போய்விட்டார். இன்று அடக்கம். பாப்பா நடத்தினாள்.

ஆரம்பிக்கும் முன் அவர் மனைவி என்னிடம் வந்தார். "நீங்க எதுவும் பேச வேண்டாம். சும்மா என் பக்கத்துல நின்னா போதும். அவர்தான் உங்களை நிக்கச் சொன்னார்."

நின்றேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாவாகவே சொன்னார்: "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டார். இதைச் சொல்ல இவ்வளவு யோசனையா, ஒரு வாரமா உங்க மூஞ்சியிலயே தெரியுதேன்னு அவரைக் கேட்டேன்."

இந்த நோட்டில் நான் ஊதிப் பெருக்கியதை எல்லாம் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அவரிடம் அப்படிக் கேட்டதைச் சொல்லும்போது, மண் காயாத அந்தக் குழியருகே நின்று, அந்த அம்மா சிரித்தார்.