இரண்டாவது பெருவிரல்

1997 மே 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து வீடெல்லாம் கறுப்பு மை. பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு விரலடையாளங்களைப் பற்றிச் செய்வதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். அப்பா அரசாங்க விரலடையாளப் பிரிவில் வேலை செய்வதால் எல்லாவற்றையும் அவரே செய்து தந்துவிடுவார் என்று டோரின் ரீச்சர் நினைக்கிறா. அப்பா தந்தது மையும் ஒரு கண்ணாடித் துண்டும்தான். எப்படி உருட்டுவது என்று ஒரு முறை காட்டினார்: நகத்தின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை, ஒரே ஓட்டம், திரும்பி வரக்கூடாது. மற்றதெல்லாம் நான்.

அப்பாவின் பத்து விரல், அம்மாவின் பத்து விரல், முன்னறையில் வாடகைக்கு இருக்கும் அருள்நாயகி அக்காவின் பத்து விரல். மூன்று அட்டைகள். அம்மா மீன் வெட்டிய கையோடு வந்து, வாசத்தையும் சேர்த்துப் பதியச் சொன்னா. அருள் அக்கா சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "விசா கிடைச்சு நான் கனடாவில போய் இறங்க, என்ர மனுசன் இந்தக் கையைப் பாத்திட்டு இது வேற ஆள் எண்டு திருப்பி அனுப்பப்போறார்" என்றா.

அவவின் இடது பெருவிரல்தான் அட்டைகளிலேயே அழகானது. சுழியின் நடுவில் சாய்வாக ஒரு வெட்டு. சாவகச்சேரியில் சின்ன வயதில் பனங்கிழங்கு கிழிக்கும்போது கத்தி பட்டதாம்.

என்னுடையதை எடுக்கவில்லை. மற்றவர்களின் விரலைப் பிடித்து உருட்ட ஒருவர் வேண்டுமே.

1997 மே 11, ஞாயிறு

மழை. பின்னேரம் அருள் அக்காவும் நானும் நிலத்தில் படுத்துப் பத்திரிகை வாசித்தோம். மின்விசிறி தாளைத் தூக்கும். அவ இடது ஓரத்தை அமத்திப் பிடிக்க, நான் வலது ஓரத்தைப் பிடிப்பேன். எல்லா ஞாயிறும் இப்படித்தான். நான் சீக்கிரம் முடித்துவிட்டு அவவுக்காகக் காத்திருப்பேன். வடக்குச் செய்தியில் வரும் ஊர்ப் பெயர்களை அவ வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் வாசிப்பா.

1997 மே 23, வெள்ளி

கண்காட்சியில் இரண்டாம் இடம். முதலாம் இடம் எரிமலைக்கு. எரிமலைக்கு யாருமே உழைக்கவில்லை, சோடாத்தூள் மட்டும்.

வீட்டுக்கு வந்தபோது போத்தலும் பழைய பேப்பரும் வாங்கும் ஷிப்லி நானா வாசலில் நின்றார். மூன்று மாதப் பத்திரிகையையும் கட்டிக்கொண்டு போனார். தெமட்டகொடைப் பக்கக் கடைகளில் சாமான் சுற்ற வாங்குவார்களாம்.

1997 ஜூன் 19, வியாழன்

ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்கும் முற்றத்து வேலியோரம் ஒரு பை கிடந்ததாம். வெடிக்கவில்லை. உள்ளே இருந்ததைத் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தார்களாம். அந்தத் தாளுக்கு மருந்து பூசி, தொட்டவர்களின் வியர்வைத் தடத்தை ஊதா நிறத்தில் எழுப்பிப் படம் எடுத்திருக்கிறார்கள். கந்தோரில் நேரம் போதவில்லை என்று அப்பா வழக்குக் கோவையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவரக்கூடாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரண்டு படங்கள். மேலே இருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சுழி. அதன் நடுவில் சாய்வாக ஒரு வெட்டு.

"இது அருள் அக்காட பெருவிரல்!"

சத்தமாகச் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷம் என்றால், கோடுகள் ஒத்துப்போகும் இடங்களை எண்ணாமலே கண்டுபிடித்துவிட்டேனே என்று அப்பா மெச்சுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. முன்னறைக் கதவைப் பார்த்தார். இரண்டாவது படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "உள்ளுக்குப் போ" என்றார்.

1997 ஜூன் 20, வெள்ளி

அம்மா மூன்று அட்டைகளையும் அடுப்பில் போட்டுவிட்டா. கண்காட்சிக்கு ஒட்டிய பெரிய தாளையும்.

அருள் அக்கா அப்படிப்பட்டவ இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். நாங்கள் வாசித்த பத்திரிகையைத்தானே ஷிப்லி நானா கொண்டுபோனார்? அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கை பட்டதெண்டு மட்டுந்தான் தாள் சொல்லும், மகள். எப்ப பட்டது, ஏன் பட்டதெண்டு சொல்லாது. அந்தப் பேப்பர் ஆயிரம் வீட்டுக்கு வருது. எங்கட வீட்டுத் தாள்தான் எண்டு யாருக்கு எப்பிடிக் காட்டுறது?"

அப்படியென்றால் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். இந்த அடையாளம் பதிவேட்டில் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்களாம். பதிவேட்டில் இல்லை. அதையே எழுதுவாராம். கேட்காததற்கு அவர் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் பதில் எழுதியதில்லையாம்.

இது பொய்யா? பொய் இல்லை. ஆனால் இது என்ன?

1997 ஜூன் 29, ஞாயிறு

அம்மா அருள் அக்காவிடம், மன்னாரிலிருந்து தன் தங்கச்சி வருகிறா, அறை வேண்டும் என்று சொல்லிவிட்டா. அம்மாவுக்குத் தங்கச்சி இல்லை. அருள் அக்காவுக்கும் அது தெரியும். "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னா.

பெட்டியை மூட உதவி செய்தேன். அவ என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"நான் ஏதும் பிழை விட்டனானோ, பிள்ளை?"

நான் பூட்டுச் சாவியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

1997 ஜூலை 1

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குப் போய்விட்டா. ஒரே அறையில் ஐந்து பெண்களாம்.

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. அந்த லொட்ஜில் இருந்த எல்லாரையும் பொலிஸ் வாகனத்தில் ஏற்றியிருக்கிறார்கள். விசாரித்து, விரலடையாளம் எடுத்து, மற்றவர்களை விட்டுவிட்டார்கள்.

மற்றவர்களை.

எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அன்று அவவை யாரும் ஏற்றியிருக்கமாட்டார்கள். அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறா. என்ன கேட்கிறா என்று தெரியவில்லை.

1997 ஆகஸ்ட் 15, வெள்ளி

அவவின் விரலும் தாளில் இருந்த தடமும் பொருந்துவதைக் கண்டுபிடித்தவர் அப்பாவோடு வேலை செய்யும் சேனாதீர மாத்தயா. ஆனால் அப்பாவின் பிரிவில் ஒருவரின் கையொப்பத்தோடு எந்த முடிவும் வெளியே போகாது. இரண்டாவது ஆள் தனியாக எண்ணிப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட வேண்டும். பன்னிரண்டு இடங்கள் ஒத்துப்போனால் போதும். அந்த இரண்டாவது ஆள் அப்பா. எங்கள் வீட்டில் இருந்த பெண் என்று மேலதிகாரியிடம் சொல்லியும் பார்த்தாராம். "கோடு எண்ணத்தானே சொல்கிறோம், அதில் வீடு என்ன, வாசல் என்ன" என்றாராம் அவர்.

வைத்துவிட்டார். கையொப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தார். நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். எழுதக்கூடிய சொற்கள் இல்லை. ஏன் வைச்சீங்க, ஏன் வைச்சீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஓம் எண்டு இருக்கிறதுக்குக் கீழ, இல்லை எண்டு எப்பிடி மகள் நான் ஒப்பம் வைக்கிறது?"

1997 ஆகஸ்ட் 16

எழுத ஒன்றும் இல்லை.

1997 செப்டெம்பர் 7, ஞாயிறு

பொலிஸார் வந்தார்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் என்பதால் கதிரையில் இருந்து தேநீர் குடித்தார்கள். இருந்தா, போய்விட்டா, வேறொன்றும் தெரியாது என்று அம்மா சிங்களத்தில் சொன்னா. அவர்களில் ஒருவர் என் புத்தகங்களைப் பார்த்து, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பாராட்டினார். அவர்கள் போகும்வரை அப்பா எனக்கும் அவர்களுக்கும் நடுவிலேயே நின்றார். அது ஏன் என்று விளங்கவில்லை.

1998 மார்ச் 2

சிறையில் அவவைப் பார்க்கப் போக வேண்டும் என்று மறுபடியும் கேட்டேன். அம்மா கன்னத்தில் அடித்தா. பிறகு அம்மாதான் அழுதா.

1998 டிசம்பர் 21

சாதாரணதரச் சோதனை முடிந்தது. விஞ்ஞானத்தில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன். எழுதும்போது எதுவும் தோன்றவில்லை. முன்பெல்லாம் விடை தெரிந்தால் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொல்வேன்.

அருள் அக்கா உள்ளே போய் ஒரு வருடமும் நாலு மாதமும்.

1999 பெப்ரவரி 21, ஞாயிறு

அவவின் வக்கீல் கனகசபாபதி வந்தார். வழக்கு மார்ச் ஒன்பதில். சேனாதீர மாத்தயா ஓய்வு பெற்று அவுஸ்திரேலியாவில் மகனிடம் போய்விட்டதால், அப்பாதான் அரச தரப்புச் சாட்சி. அதனால் அப்பாவோடு கதைக்கக்கூடாது, வீட்டுக்காரி என்ற முறையில் அம்மாவைத்தான் பார்க்க வந்தேன் என்றார். ஆனால் உள்ளறையில் அப்பாவுக்குக் கேட்கும் குரலில்தான் கதைத்தார்.

தாளில் இரண்டு பேரின் பெருவிரல் இருக்கிறது. ஒன்று அருள்நாயகி. மற்றது யாரென்று தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து பையைக் கட்டினார்கள், ஒருத்தி பிடிபட்டா, மற்றவரை இன்னும் தேடுகிறோம் என்பதுதான் அரச தரப்பின் வாதம்.

"அந்த மற்ற ஆள் இந்த வீட்டில அவவோட இருந்து பேப்பர் வாசிச்ச ஆள் எண்டு வந்தால், அம்மா, வழக்கே இல்லை. அது வெறும் பழைய பேப்பர். உள்ள இருக்கிற பிள்ளை வீட்டுக்குப் போகும்."

அம்மா தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா. அவர் தன் தொலைபேசி இலக்கத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவவோடு இருந்து பேப்பர் வாசிச்ச ஆள்.

1999 பெப்ரவரி 27, சனி

சாட்சிக்கு ஆயத்தம் செய்ய அப்பா கோவையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் குளிக்கப் போனதும் இரண்டாவது படத்தை எடுத்தேன். அதில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டேன்.

பேனையிலிருந்து மையை ஊற்றி என் வலது பெருவிரலைக் கடதாசியில் உருட்டினேன். நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஒரே ஓட்டம்.

இடப்பக்கம் சாய்ந்த வளையம். வளையத்துக்குள் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது, தீவு மாதிரி. படத்திலும் அந்தத் தீவு இருக்கிறது.

அப்பா முதல் நாளே பார்த்துவிட்டார். ஒன்றரை வருடமாக அவர் மூடிக்கொண்டிருந்தது அருள் அக்காவை இல்லை.

1999 மார்ச் 3, புதன்

வக்கீலுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஹலோ, கனகசபாபதி" என்றார். மூன்று முறை ஹலோ சொன்னார். நான் பொலிஸ் நிலையத்தை நினைத்தேன். லொட்ஜில் பிடிபட்ட பெண்களைப் பற்றி எங்கள் ஒழுங்கைச் சனம் கதைத்ததை நினைத்தேன். எனக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டது, என்னையும் பிடிக்கலாம்.

வைத்துவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும். வைத்தது நான்.

1999 மார்ச் 8, திங்கள்

நான் சொன்னால் ஒரு பிள்ளையின் பேச்சு. அப்பா சொன்னால்தான் சான்று. அதனால் ஓர் அட்டையில் படத்தையும் என் பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒத்துப்போகும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்தேன். பன்னிரண்டு. அப்பா பின்னேரம் வந்ததும் அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்பா, கேட்டா சொல்லுங்க" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

1999 மார்ச் 9, செவ்வாய்

மூன்று மணிக்கு வந்தார். அம்மா வாசலிலேயே நின்று கேட்டா. வக்கீல் கேட்டாராம், இரண்டாவது அடையாளத்தைப் பற்றி நேராகவே கேட்டாராம்.

"ஒப்பிடுறதுக்குத் தெளிவு காணாது எண்டு சொன்னன்" என்றார் அப்பா.

அம்மா கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டா. அருள் அக்கா கூண்டில் நின்று அப்பாவைப் பார்த்தாவா என்று கேட்டேன். மெலிந்துபோயிருக்கிறா என்று மட்டும் சொன்னார்.

நான் அழவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதிப்பட்டது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1999 மார்ச் 26, வெள்ளி

பத்து வருடம்.

1999 ஏப்ரல் 5, திங்கள்

சாதாரணதரப் புத்தகங்களை இந்த வருடம் சோதனை எடுக்கும் பிள்ளை ஒருத்திக்குக் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னா. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூசி தட்டினேன். விஞ்ஞானப் புத்தகத்துக்குள் என் அட்டை இருந்தது. நான் வைக்கவில்லை.

சிவப்பு மைக்குப் பக்கத்தில் நீல மை. மெல்லிய, நேரான, அப்பாவின் கோடுகள். என் ஏழாவது இடம் பிழையாம். அதை அடித்திருக்கிறார். நான் காணாத ஐந்தைக் குறித்து, எண்ணும் இட்டிருக்கிறார். மொத்தம் பதினாறு.

கையொப்பம் இல்லை. ஆனால் கந்தோரில் செய்வதுபோலவே கீழ் மூலையில் திகதி போட்டிருக்கிறார்: 08.03.99.